பின்சீட்டு அண்ணன்

மாலை வெயில் கண்ணாடியில் சாய்ந்து விழ, சோதனை ஓட்டத்துக்கு எடுத்த சின்னக் கார் மேட்டுச் சாலையில் முக்கி முனகி ஏறுகிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் முதன்முதலாகக் கார் வாங்கப்போகும் தங்கைதான் ஓட்டுகிறாள். பின்சீட்டில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருக்கும் அண்ணன் உதட்டைப் பிதுக்குகிறார். "தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி விக்கிறாங்க." முன்சீட்டு விற்பனையாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்கும் சார்," என்கிறார். "தள்ளிக்கிட்டே போனா குடுக்கும். இவளுக்கு என்ன தெரியும், கலரைப் பாத்து மயங்கிட்டா." தங்கை வண்டியை ஓரங்கட்டுகிறாள். "கொஞ்சம் இறங்குங்கண்ணே." டயரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் இறங்கிக் குனிகிறார். கார் அவரை விட்டுவிட்டு மேட்டில் சிட்டாய்ப் பறக்கிறது. "இதையே எடுத்துக்கிறேன்," என்கிறாள் விற்பனையாளரிடம். "பின்சீட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா தேவலை."