நீலத்தாளின் ஓரம்

கொட்டாஞ்சேனை மொட்டைமாடியில், தார்ப்பாயில் கட்டிய தொட்டித் தண்ணீருக்குள் ஆறடித் தாள் ஊறிக் கிடக்கிறது. மருந்து பூசிய தாளில் நிலூஷா வெயில்பட அச்செடுத்த நீலநிற ஒளிப்படம். நாளைய கண்காட்சிக்கு இது ஒன்றுதான் இன்னும் காயப்போட மிச்சம். அவள் ஒரு பக்கமும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் தகப்பன் மரியநாயகம் மறுபக்கமுமாகத் தூக்குகிறார்கள். நடுவில் தேங்கிய தண்ணீர் தாளைக் கீழே இழுக்கிறது. “இறுக்காதீங்க டடி, இது சீமெந்து மூட்டையில்ல.” “வாயைப் பொத்திட்டுத் தூக்கு.” சொல்லி முடியவில்லை, அவள் பக்க ஓரம் கிழியத் தொடங்குகிறது. விட்டாலும் போச்சு, இழுத்தாலும் போச்சு. “டடி!” சரிகிற சுமையை இழுக்கக் கூடாது, அதோடேயே இறங்க வேண்டும் என்பது மரியநாயகத்தின் முழங்காலுக்குத் தெரியும். “என்னோட குந்து பிள்ளை. மெல்ல.” இருவரும் குந்துகிறார்கள். தாள் தண்ணீரில் படுக்கிறது. கிழிசல் வெள்ளை ஓரத்தில், படத்துக்கு ஒரு விரலளவு முன்னால் நிற்கிறது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.