தாகத்தில் நின்ற ஆரஞ்சு மரம்

“யாரோ என் மரத்துக்குத் தண்ணி ஊத்தறாங்க!”

முகுந்தராவ் தேஷ்கர் சாப்பாட்டு மேஜையில் வைத்த குற்றச்சாட்டு இது. நாக்பூரில், அந்தத் தெருவில், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் குற்றமாகக் கருதும் ஒரே வீடு அவருடையதுதான். ஆதாரமும் கையில் இருந்தது. மனைவியின் ஸ்வெட்டர் ஊசியை மண்ணில் குத்தி எடுத்திருந்தார்; ஊசி முழுக்க ஈரம்.

“முதல்ல என் ஊசியைக் கழுவிக் குடுங்க” என்றாள் ஷைலஜா, தட்டில் சோள பாக்ரி ரொட்டியைப் போட்டபடி. “பாவம் மரம். யாராவது ஊத்தினா ஊத்திட்டுப் போகட்டுமே!”

“பாவமா? ஆரஞ்சு பூக்கணும்னா குளிர்காலத்துல தாகத்துல தவிக்கணும். இலை சுருளணும். செத்துப் போயிடுவோமோன்னு அதுக்கே பயம் வரணும். சங்கராந்திக்கு அப்புறம் எருவைப் போட்டு வயிறு முட்டத் தண்ணி விட்டா, கிளை தெரியாம பூக்கும். இந்தச் சுத்துவட்டாரத் தோட்டக்காரங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நடுவுல யாராவது இரக்கப்பட்டாங்கன்னா, வெறும் இலைதான்.”

சொல்லிவிட்டு மருமகள் கேதகியைப் பார்த்தார். கேதகி தட்டைப் பார்த்தாள்.

அவர் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. கேதகி புதுக் காருக்குப் பணம் கட்டியிருந்தாள். வீட்டில் கார் நிறுத்த இருந்த ஒரே இடம், மரம் நின்ற இடம். மரமோ மூன்று வருடமாக மொட்டுகூட வைக்கவில்லை. “ஹோலிக்குள்ள பூக்கலைன்னா வெட்டிடலாம்பா” என்று மகன் நிஷாத் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஆக, இந்த மரத்தைச் சாய்க்கக் கோடரி வேண்டாம். தினம் ஒரு வாளி தண்ணீர் போதும்.

தண்ணீர் விஷயத்தில் முகுந்தராவ் லேசுப்பட்ட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முள்முளே, குழாயைப் பிடித்து எலுமிச்சையின் அடிமரத்தைக் குளிப்பாட்டத் தொடங்கினால் போதும், மதிலுக்கு மேல் இவர் தலை முளைக்கும்.

“முள்முளே, மரத்துக்கு வாய் அடிமரத்துல இல்லய்யா. மத்தியானம் நிழல் எங்க முடியுதோ, அங்க இருக்கு. அந்த இடத்துல வட்டமா பாத்தி வெட்டி, எப்பவோ ஒரு தடவை, ஆற அமர விடு. ஆழத்துக்கு இறங்கட்டும். தினமும் இப்படி மேலாகத் தெளிச்சா வேர் சோம்பேறியாகி மேலயே படுத்துக்கும்.”

“சரிங்க ராவ்சாகேப். உங்க மரம் எப்போ பூக்கும்?”

தலை கீழே இறங்கிவிடும்.

சில நாள் கழித்து, ஒரு காலையில், ஜன்னல் வழியாகக் கண்ணாலேயே கண்டார். கேதகி. கையில் வாளி. மரத்தடி. அதன் பிறகு ஊசிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் கையும் வாளியுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கிழக்கு வெளுத்தது. ஒற்றன் வேலைக்காகச் சூரியனைப் பட்டினி போட முடியுமா? குளித்துவிட்டு மரத்தடியில் நின்று, மித்ரன் தொடங்கிப் பாஸ்கரன் வரை, பன்னிரண்டு பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொல்லி, பெயருக்கொரு செம்பாக அர்க்கியம் விட்டார். அர்க்கிய நீரை யாரும் மிதிக்கக் கூடாது, ஆகவே மரத்தடி. அதை முடித்துக்கொண்டு, செம்பும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தார்.

கேதகி வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். குனிந்தாள்.

“பிடிச்சேன்!” என்று பாய்ந்தார் முகுந்தராவ். “ஊத்து! என் கண் முன்னாலயே ஊத்து, பார்ப்போம்!”

“ஊத்தல மாமா” என்றாள் கேதகி. “அள்ளறேன்.”

மரத்தடியில் மெத்தைபோல் குவிந்திருந்த சருகை ஒதுக்கினாள். அடியில், மண்ணில் பதித்த பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அது நிறையத் தண்ணீர். தண்ணீரில் ஒரு செம்பருத்தி இதழும் கொஞ்சம் குங்குமமும் மிதந்தன.

முகுந்தராவ் குங்குமத்தைப் பார்த்தார். கையிலிருந்த செம்பைப் பார்த்தார். அதன் விளிம்பிலும் அதே குங்குமம்.

“அது... தண்ணி இல்லம்மா. அர்க்கியம்.”

“மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியலையே மாமா. அதான் நீங்க ஊசியைக் காட்டின மறுநாளே இந்தத் தொட்டியைப் பதிச்சேன்.”

மூன்று வருடமாக இலை இலையாய்த் தள்ளிய மரம் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

“தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா சூரியனை விடுவீங்களா, மரத்தை விடுவீங்களா? ரெண்டுல எதை விட்டாலும் எங்களை விட மாட்டீங்களே!”

அவர் குரல் இறங்கியது. “உனக்குக் காருக்கு இடம் வேணுமேம்மா...”

“வேணும்தான். அதுக்காக மரத்தை ஏமாத்தியா ஜெயிக்கணும்? ஒரு வருஷமாவது அது ஒழுங்கா தாகத்துல நிக்கட்டும். அப்பவும் பூக்கலைன்னா பார்த்துக்கலாம்.”

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

“என்ன அங்க சத்தம்?” ஷைலஜாவின் குரல் தெருவுக்கே கேட்டது. “திருடன் மாட்டினானா? யாரு அது?”

முகுந்தராவ் செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கேதகி வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மாட்டியாச்சு அத்தை, நான்தான்! இனிமே ஊத்த மாட்டேன்னு மாமாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.”