துண்டு போட்ட இடம்
மில்லில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்த ஞானமுத்துவுக்கு உட்கார இடம் கிடைத்தது போதவில்லை, காலையும் நீட்ட வேண்டியிருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டை விரித்துப் போட்டான்.

கைக்குழந்தையோடு நின்றவள் கேட்டாள். "அண்ணே, இங்க ஆள் வருதா?"

"வருது. என் சம்சாரம். அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவா."

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவள் நம்பிவிட்டாள். மீசைக்காரர் ஒருவர் உட்காரப் போனபோது அவளே மறித்தாள். "துண்டு கெடக்கறது கண்ணுக்குத் தெரியலையா? அவரு சம்சாரம் வருது." மீசைக்காரர் முணுமுணுத்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் வந்தது, போனது. "கூட்டத்துல வேற பெட்டியில ஏறியிருப்பாங்க. வந்துருவாங்கண்ணே" என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

ஞானமுத்துவுக்குக் கண் சொருகியது. மெல்ல ஒரு காலைத் தூக்கித் துண்டின் மேல் வைத்தான்.

"அண்ணே, கால எடுங்க. அண்ணி ஒக்கார்ற எடம்." குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவன் காலை எடுத்துக்கொண்டான். அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றதும், நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.