செவ்வால் சுறாவுக்குத் துணை

பாங்காக் சத்துசாக் சந்தையில் வளர்ப்பு மீன் விற்கிறேன். விரல் நீளச் செவ்வால் சுறா (பேர்தான் சுறா, கெண்டை இனம்) வாங்கிய லம்யாய், அதற்குத் துணை கேட்டு வந்தாள்.

“நடுத்தண்ணில நீந்துற கெண்டையா ஆறு போடு தங்கச்சி. இன்னொரு செவ்வால் மட்டும் வேணாம். ஒண்ணு இன்னொண்ணோட வாலைக் குதறிடும்.”

அடுத்த ஞாயிறு ஒரு தண்ணீர்ப் பையை நீட்டினாள். உள்ளே சிவப்பு வால்துண்டு மிதந்தது.

“தொட்டியில கிடந்துச்சுக்கா.”

கைபேசியில் படம் காட்டினாள். ஆறு கெண்டைகளும் முழுசாக இருந்தன. சுறாவின் வாலும் முழுசாக இருந்தது.

“பக்கத்துக் கடையில திருட்டுத்தனமா இன்னொண்ணு வாங்கினியா?”

“சத்தியமா இல்லக்கா.”

இந்த ஞாயிறும் பையோடு வந்தாள். படத்தில் சுறா முழுசாகத்தான் இருந்தது. பையிலிருந்த சிவப்பு வால்துண்டு அந்தச் சுறாவைவிட நீளம்.