கொரில்லா முன்னால் இருமக்கூடாது

முன்னால் போன வழிகாட்டி ரெகுலா சட்டென்று கையை உயர்த்தினாள். பின்னால் வந்தவர்கள் ஈரப் புதர்களுக்கு நடுவே அப்படியே குந்திக்கொண்டார்கள். மரங்களுக்கு அப்பால், பனிப்புகாருக்குள், கறுப்பாக ஒரு பெரிய முதுகு அசைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிருபாகரனுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்தினார், மூச்சை அடக்கினார், கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த முதுகு மெல்லத் திரும்பி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது.

அது கொரில்லா இல்லை, ரெகுலாவின் புருஷன். ஒரு மனுசனுக்குக் கறுப்பு மழையங்கியைப் போட்டுக் காட்டுக்குள் இருத்தி ஒத்திகை பார்க்கிற அளவுக்குச் சுவிஸ்காரருக்கு எல்லாவற்றிலும் ஒழுங்கு வேண்டும். அடுத்த கிழமை உகண்டாவின் மலைக்காட்டில் உண்மையான கொரில்லாக்களைத் தேடிப் போகிற குழுவை, டாவோஸுக்கு மேலே இந்தக் காட்டில் அவள் நடக்கவைத்துப் பார்க்கிறாள்.

கிட்டப் போகக்கூடாது, கண்ணுக்குள் பார்க்கக்கூடாது, பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்ன ரெகுலா, ஒன்றை மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள். எங்களுக்கு மூக்கைச் சிந்தினால் போய்விடுகிற தடிமன், கொரில்லாக்களுக்குத் தொற்றினால் ஒரு குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகையால் இன்றைக்கு யார் இருமுகிறாரோ, அவருடைய பயணம் இந்த மலையிலேயே முடிந்தது.

கிருபாகரன் மனைவியைப் பார்த்தார். ஜெயந்தி எல்லோருக்கும் முன்னால், ரெகுலாவை ஒட்டிக்கொண்டு நடந்தாள். ஓல்டனில் அவள் வேலைசெய்கிற முதியோர் இல்லத்துத் தொலைக்காட்சியில் ஒருநாள் கொரில்லாக் குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் இருவரும் சேர்ந்து போன தூரப் பயணம் என்றால் லண்டன் கலியாண வீடும், பாரிஸ் செத்தவீடும்தான். தங்களுக்கென்று போகிற முதல் பயணம் இது.

அதைக் கெடுக்கவென்றே இந்த இருமல் வந்து தொலைந்திருக்கிறது. வேலைத்தலத்துத் தூசி என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். ஒருவர் தும்மினாலே மல்லி அவித்து, குடித்து முடிக்கும்வரை தலைமாட்டில் நிற்கிறவள் ஜெயந்தி. இந்த முறை அவள் மல்லியைத் தொடவேயில்லை. பயணப் பரபரப்பில் தன்னுடைய இருமல் அவள் காதில் விழவில்லை என்று கிருபாகரன் நிம்மதிப்பட்டுக்கொண்டார்.

காட்டாறு ஒன்று வந்தது. மற்றவர்கள் பாலத்தைக் கடக்க, இவர் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த இரைச்சலுக்குள் இருமித் தீர்த்தார். நிமிர்ந்தபோது பாலத்தின் நடுவில் நின்று ரெகுலா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே ஜெயந்தி அவளிடம் கொரில்லா என்ன தின்னும் என்று கேட்டாள். அதை அவள் காலையிலேயே ஒருதரம் கேட்டிருந்தாள்.

கடைசிப் பயிற்சிதான் கொடுமை. எல்லோரும் பாசி பிடித்த நிலத்தில் அசையாமல் இருக்கவேண்டும். கொரில்லா தன் பாட்டில் கடந்துபோகும்வரை சத்தம் வரக்கூடாது. கிருபாகரன் இருமலுக்கென்று வாய்க்குள் போட்டிருந்த இனிப்பை நாக்கால் அழுத்திப் பிடித்தார். நெஞ்சுக்குள் கிளம்பியது தொண்டையைத் தொட்டது. விழுங்கினார். திரும்பவும் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும் என்று அவர் நினைக்கும்போதே வெடித்துவிட்டது.

ஒருமுறை இல்லை. காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, நிறுத்த முடியாமல் இருமினார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளிப் போனாள்.

ரெகுலா வந்து முன்னால் குந்தினாள். கோபப்படவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இது தடிமனா, வேறு ஏதாவதா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

கிருபாகரன் ஜெயந்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு சொன்னார். "தடிமன்தான். மறைச்சது என்ரை பிழை. நான் நிக்கிறன், இவ போகட்டும்."

நேர்மையாகச் சொன்னதற்கு ரெகுலா நன்றி சொன்னாள். விதி விதிதான் என்று தோளைத் தட்டிவிட்டு எழும்பினாள். கிருபாகரன் மனைவி பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். பாவம், அந்தச் சிரிப்பு அவருக்கு வரவில்லை.

"நீர் போயிட்டு வாரும். படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டும்."

ஜெயந்தி வந்து பக்கத்தில் இருந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் பொய் சொல்கிறார் என்று ரெகுலாவைப் பார்த்து டொச் மொழியில் சொன்னாள்.

"ஜெயந்தி, விடும்" என்றார் கிருபாகரன்.

அவள் விடவில்லை.

"இது கான்சர், கொரில்லாவுக்குத் தொத்தாது. எனக்குத் தெரியுமெண்டு இவருக்குத்தான் தெரியாது."