விற்பனைக்கு: இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்

மெக்கானிக் குனிந்து கம்ப்ரஸரில் காதை வைத்தார்.

சீரான முனகல். தட்டல் இல்லை, இழுப்பு இல்லை.

கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ரப்பர் புதிதுபோல இருந்தது.

அதுதான் அவருக்கு இடித்தது.

இணையத்தில் பழைய சாமான் விளம்பரங்களைப் படித்துப் படித்து அந்த மொழி அவருக்கு அத்துப்படி. ‘நல்ல நிலையில்’ என்றால் ரப்பர் கிழிந்திருக்கும். ‘சிறு பழுது’ என்றால் கம்ப்ரஸரே போயிருக்கும். ‘வெளிநாடு செல்கிறோம், அவசரம்’ என்றால் பாதி விலைக்குக் கேட்கலாம்.

இந்த விளம்பரத்தில் இருந்தது அந்தக் கடைசி வரிதான்; பாதிக்குக் கேட்டிருந்தார். இந்த வீட்டுப் பெண் மறுபேச்சில்லாமல் சரி என்று பதில் போட்டு, வீட்டுக்கு வழியும் அனுப்பிவிட்டாள். பேரமே பேசாத வியாபாரத்தில் ஏதாவது வில்லங்கம் இருக்கும். அதனால்தான், தானமாக வந்த மாடாக இருந்தாலும் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் மெதுவா... குழந்தை தூங்குது,” என்றாள் அந்தப் பெண், சமையலறை வாசலில் நின்றபடி.

அவர் தலையாட்டிவிட்டு, சத்தமில்லாமல் ஃப்ரிட்ஜைச் சாய்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

வாங்குவது, பழுது பார்ப்பது, படம் எடுத்து விளம்பரம் போடுவது, விற்பது; இதுதான் அவர் பிழைப்பு. முன்பக்கம் கடை, பின்பக்கம் அவர் படுக்கும் அறை. எந்நேரமும் நாலைந்து ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையிலும் அவருக்கென்று இருப்பது ஒரு பால் பாக்கெட். ஒன்று விற்றுப்போனால் பால் அடுத்ததற்குக் குடிபெயரும்.

ஃபோன் அடித்தால், ‘கூலிங் வரல’ என்று சொல்ல யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். வண்டி போக வழி வேண்டி ஒரு பெட்டியைக் காலால் ஒதுக்கினார். அதன்மேல் தடித்த பேனாவில் ‘குழந்தைத் துணி’ என்று எழுதியிருந்தது.

ழகரத்தின் வால் பெட்டியின் பாதிவரை இறங்கியிருந்தது.

அவர் நின்றுவிட்டார்.

அந்த வாலை அவருக்குத் தெரியும். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்திருக்கிறார். நாய் வால்கூட நிமிர்ந்திருக்கும். அது நிமிரவே இல்லை.

அவருடைய மகனின் கையெழுத்து.

தாயில்லாமல் அவர் தனியாக வளர்த்த பிள்ளை. அவனுடைய பதிவுத் திருமணத்தன்று, கடையில் அவசர வேலை என்று சொல்லி அவர் போகாமல் இருந்துவிட்டார். பெண்ணைப் பிடிக்கவில்லை என்பதல்ல. பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டானே என்ற வீம்பு. மகன் மட்டும் என்ன, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்தானே. அதோடு பேச்சு நின்றது. பிறகு அவன் எண்ணும் மாறிப்போனது.

இப்போது அவன் நாட்டை விட்டே போகிறான். அவனுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது.

இரண்டும் ஒரு விளம்பரத்தைத் தொட்டு இங்கே வந்ததால்தான் அவருக்குத் தெரிந்தன.

“குழந்தைக்கு எத்தனை மாசம்மா?” என்றார். குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“எட்டு.”

“வீட்டுக்காரர்?”

“ஆபீஸ் போயிருக்கார். வர நேரமாகும்.”

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடைவெளியில் மரக்கட்டிலின் கம்பிகளும், கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதமும் தெரிந்தன.

நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவள் மிரண்டுபோவாள். அவனுக்கு ஃபோன் செய்வாள். அவன், ‘அனுப்பிவிடு’ என்று சொன்னால்? அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு இந்தப் படி இறங்க அவருக்குத் தெம்பில்லை.

பையிலிருந்து பணத்தை எடுத்தார். பேசியதை அல்ல, விளம்பரத்தில் போட்டிருந்த முழு விலையையும் நீட்டினார்.

“நாம பேசினது பாதிதானே?”

“நல்ல பொருள்மா. பாதிக்கு எடுத்தா எனக்கு உறுத்தும்.”

அவள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் சட்டைப்பையிலேயே திணித்தாள். முன்பின் தெரியாத ஆளின் சட்டைப்பையில் யாராவது கைவைப்பார்களா என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தார். ஃப்ரிட்ஜை ஏற்றி, அதன் பக்கவாட்டில் தன்னையும் ஒடுக்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார்.

கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கால் குறுக்கே வந்தது.

அவள்தான். இடுப்பில், தூக்கம் கலையாத முகத்தோடு குழந்தை.

வந்ததிலிருந்து எந்த முறையும் சொல்லி அவரை அழைக்காதிருந்தவள், இப்போது அழைத்தாள்.

“மாமா.”

அவர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலிருந்து தலையை நீட்டினார்.

“உங்க விளம்பரத்துல நீங்க கடை முன்னாடி நிக்கிற போட்டோ இருக்கே, அதை இவர் தினமும் எடுத்துப் பாப்பார். கூப்பிடத்தான் மாட்டார். ஃப்ரிட்ஜுக்கு எத்தனையோ பேர் கேட்டாங்க. நீங்க கேக்கட்டும்னு யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்.” அவள் மூச்சு வாங்கினாள். “வியாழக்கிழமை கிளம்புறோம், மாமா. அதுக்குள்ள ஒரு தடவை இவளைத் தூக்கிக்கோங்க.”

அவர் வெளியே வந்தார். லிஃப்ட் ஃப்ரிட்ஜை மட்டும் ஏற்றிக்கொண்டு கீழே போனது.

இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“கையெல்லாம் கிரீஸ்மா,” என்றார். “எங்க கழுவுறது?”