ஏழாவது டேக்

நான்காவது முறையும் பிரம்பு இறங்கியது. பையன் அழவில்லை. அடித்த வார்டன்தான் பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கட்" என்று இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க எதுக்கு அழறீங்க? நீங்க கல் நெஞ்சுக்காரர். அவன்தான் அழணும்."

"முடியல தம்பி. என் பேரன் வயசு இவனுக்கு." வார்டன் வேடத்தில் இருந்த நடிகர் பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிரம்பு ஸ்பாஞ்சில் செய்து பழுப்பு வண்ணம் பூசியது, எறும்புக்குக்கூட வலிக்காது. இருந்தாலும் கேட்டார். "வலிச்சுதா கண்ணு?"

"இல்ல சார்."

படம் எண்பது வருடத்துக்கு முந்தைய ஓர் அநாதை விடுதியைப் பற்றியது. அங்கே பையன்கள் பட்ட பாட்டை ஊருக்குக் காட்டியே தீருவது என்று இயக்குநர் மூன்று வருடம் நூலகம் நூலகமாக அலைந்திருந்தார். இரும்புக் கட்டில், நசுங்கிய தகரத் தட்டு, கம்பி போட்ட ஜன்னல் என்று எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டன. பையன்களும் அசலாகவே இருக்கட்டும் என்று ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து முப்பது பேரை வரவழைத்திருந்தார்.

அவர்களில் இவன்தான் ஆகக் குட்டை. யூனிட்டில் எல்லோரும் பொடிசு என்றே கூப்பிட்டார்கள். இந்த ஒரு காட்சியில் அழுதுவிட்டால் கதாநாயகப் பையன் வேடம் அவனுக்கு, நாற்பது நாள் படப்பிடிப்பு. சொதப்பினால், வெளியே வேனில் இன்னொருவன் தயாராக உட்கார்ந்திருந்தான். அவன் தொட்டாலே அழுவான் என்று அவனுடைய அம்மாவே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

பொடிசுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. "நாப்பது நாளும் இங்கயே தூங்கலாமாக்கா?" என்று உதவி இயக்குநரிடம் காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டான். யூனிட்டோடு லாட்ஜில் தங்கலாம் என்று அவள் சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த வயதிலேயே சினிமாப் பைத்தியம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாவது டேக்கும் போயிற்று. "கேமராவப் பாக்காதடா" என்று இயக்குநர் கத்தினார். ஒவ்வொரு அடிக்கும் பையனின் கண் கேமரா பக்கமே ஓடியது.

கேமராவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இல்லத்து மேனேஜர் சிரித்தார். "கூச்சம் சார். பழகாத புள்ள."

தங்கமான மனிதர். முப்பது வாண்டுகளை அதிகாலையிலிருந்து சுவரோரம் வரிசையாக உட்கார வைத்திருந்தார், ஒரு தும்மல் சத்தம் இல்லை. வீட்டில் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஒளிப்பதிவாளர், இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று அவரிடம் கேட்டே விட்டார்.

ஆறாவது டேக்குக்குக் கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அது கன்னத்தைத் தொடுவதற்குள் பையன் சட்டென்று தோளில் துடைத்துவிட்டான். எத்தனை சொல்லியும் அந்தத் தோள் தானாகவே மேலே வந்தது.

"இவன் சரிப்பட மாட்டான். வேன்ல இருக்கற பையனக் கூப்பிடுங்க" என்றார் இயக்குநர்.

பொடிசின் முகம் செத்துப்போயிற்று. வார்டன் நடிகருக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு டேக் குடு தம்பி. எனக்காக."

மேனேஜர் எழுந்தார். "நான் வேணா தனியாக் கூட்டிட்டுப் போயி ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா சார்?"

"வேணாம் சார், நானே பேசறேன். நீங்க போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்க. தெரிஞ்சவங்க முன்னாடி நடிக்கறதுதான் கஷ்டம்."

மேனேஜர் போனதும் இயக்குநர் பையன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய், தன் படத்தின் கதையில் அவரே உருகிப்போயிருந்தார்.

"தம்பி, இது உன் கதை இல்லடா. உனக்கு இது புரியறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். உனக்கு நல்ல ஹோம் இருக்கு, பாத்துக்க நல்ல மனுஷன் இருக்காரு. அந்தக் காலத்துப் பசங்களுக்கு அது எதுவுமே இல்ல. ஈவு இரக்கமே இல்லாத காலம் அது. அடி, எந்நேரமும் அடி. அத மட்டும் மனசுல நினைச்சுக்க, அழுகை தானா வரும். புரியுதா?"

பையன் தலையாட்டினான். வாய் மட்டும் எதையோ கேட்கத் துடித்தது.

"என்னடா, சந்தேகமா? கேளு."

பையன் கேமரா பக்கம் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, இயக்குநரின் காதருகே வந்து மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் காலத்துல அடிச்சா அழ விடுவாங்களா சார்?"